வல்லாரைக்கு ஒரு வேலை, மருத்துவருக்கு ஒரு வேலை



கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டங்களில் 'கேஸ்ட்ரிக்' என்று சொன்னால் புரியாதவர் யாரும் இல்லை. பால்மரம் வெட்டிய காலத்தில் விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு நிரைக்குள் இறங்கினால், பாலை நிறுத்துக் கொடுத்த பிறகுதான் சோறு. இன்று செம்பனைக் குலை அறுப்பவர்கள், தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்டு பார்க்கும் அவர்களின் பிள்ளைகள் என்று ஆட்கள் மாறிவிட்டார்கள். நேரம் தவறிப் பசியாறும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வயிறு எரிந்தால் நம் பாட்டிமார்கள் கொல்லைப்புறம் போவார்கள். கால்வாய் ஓரத்து ஈரத்தில் படர்ந்திருக்கும் வல்லாரை, வேலி மூலையில் தானாக முளைத்த மணத்தக்காளி. வெள்ளைப் பூவும் மிளகளவு காயுமாக நிற்கும் அந்தக் கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்து, காரம் போடாமல் கொடுப்பார்கள். இந்தக் கைவைத்தியத்தை அறிவியல் ஒதுக்கிவிடவில்லை. எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சோதித்த இடங்களில் ஒன்று, நமக்குப் பக்கத்திலேயே கோலாலம்பூரில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே வல்லாரையோடு இந்த மண்ணின் வேறு பல மூலிகைகளையும் இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நாள் பட்டினி போட்ட எலிக்கு, செடியின் சாற்றைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர் கலக்காத சாராயத்தைக் கொடுக்கிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போன பிறகு எலியைக் கொன்று, இரைப்பையைக் கத்தரித்து விரித்துப் பார்க்கிறார்கள். சாறு பெறாத எலியின் இரைப்பைச் சுவரில் நீளவாக்கில் கருஞ்சிவப்புப் பட்டைகள் ஓடியிருக்கும். ஒவ்வொரு பட்டையின் நீள அகலத்தையும் உருப்பெருக்கியின் கீழ் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். சாறு பெற்ற எலிக்கு அந்தப் பட்டைகள் சுருங்கி, சில எலிகளில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். இரைப்பையின் உள்சுவர் தன் மேல் சளி போன்ற ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டுதான் அமிலத்தைத் தாங்குகிறது. அந்தப் படலத்தைச் செடிச்சாறு தடிக்க வைத்திருக்கிறது.

கவனித்தீர்களா? எலியின் வயிற்றைப் புண்ணாக்க அறிவியல் தேர்ந்தெடுத்த பொருள் சாராயம். தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் செய்த வேலையும் அதுதான். வெறும் வயிற்றில் சம்சு குடித்து, விடிந்ததும் இரத்த வாந்தி எடுத்த ஆண்களைப் பார்த்த குடும்பங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மணத்தக்காளியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். எலிகளின் இரைப்பையில் அமிலம் சுரக்கும் வேகத்தையே அது குறைத்தது. ஆஸ்பிரினால் வரும் புண்ணை வாழைக்காய்ப் பொடி தடுக்கிறது என்ற ஆய்வு 1984-இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஃபார்மகாலஜி' இதழில் வந்தது. அதிமதுரத்திலிருந்து எடுத்த ஒரு மருந்தை ஐரோப்பிய மருத்துவர்கள் 1960-களிலேயே அல்சர் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். புண் ஆறியது. கூடவே இரத்த அழுத்தமும் ஏறியது, கால் வீங்கியது. நல்ல மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கித் தினமும் வாயில் அடக்கிக்கொள்ளும் பெரியவர்களே, உங்களுக்கு இரத்தக் கொதிப்பு இருந்தால் தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

இன்னொன்று. எலிக்குக் கொடுத்தது, இலையைக் காயவைத்துப் பொடித்து, சத்தைப் பிரித்து வற்றவைத்த சாறு. அளவு பெரும்பாலும் ஒரு கிலோ எடைக்கு 250, 500 மில்லிகிராம். ஒரு கைப்பிடிக் கீரைக் கூட்டில் அவ்வளவு கிடைக்காது. கீரையைச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், அது நல்லது. மருந்து என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அந்த மற்றதுதான் எனக்குக் கவலை. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. மருத்துவ உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்ற பழைய பேச்சு அதோடு ஆட்டம் கண்டது.

நம் நாட்டில் இந்தக் கிருமி யாரிடம் எவ்வளவு என்று மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். மலாய்க்காரர்களிடம் குறைவு, சீனர்களிடம் அதைவிட அதிகம், இந்தியர்களான நம்மிடம்தான் மிக அதிகம். பெரும்பாலும் சிறுவயதில், நெருக்கமான வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது இது. ஒரே அறையில் ஒரு குடும்பமே படுத்த லயத்து வீடுகளை நினைத்தால், இந்த ஆய்வு முடிவை நாம் அசட்டையாகக் கேட்டுவிட முடியாது. வல்லாரை சுவரைக் காக்கலாம். சுவரை மூடிய படலத்தில் குடியிருக்கும் கிருமியை ஒழிக்க, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கிருமிக்கொல்லி மாத்திரைகளை, வழக்கமாக இரண்டு வாரம், ஒரு வேளையும் தவறாமல் விழுங்க வேண்டும்.

கிருமிக்கு அடுத்த குற்றவாளி வலி மாத்திரை. குலை அறுத்துத் தோள் வலிக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று வெறும் வயிற்றில் தினமும் போடும் மாத்திரை, நான் சொன்ன அந்தப் படலத்தையே அரிக்கிறது. வலிக்கான சில பாட்டில்களில் 'மூலிகை' என்று எழுதி உள்ளே ஸ்டீராய்டு கலந்து விற்பது பற்றிச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி, எண்களுக்குப் பின் 'டி' என்ற எழுத்து வரும் பதிவெண் இருக்கும். அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கீரை பறிக்கும் இடத்தையும் பாருங்கள். செம்பனை நிரைக்குள் களைக்கு மருந்தடிக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. மற்ற களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மருந்தடித்த நிலத்து வல்லாரையை எவ்வளவு அலசினாலும் நம்ப முடியாது. ஒரு பழைய வாளியில் மண் போட்டு வீட்டு வாசலில் வளருங்கள். ஈரமும் கொஞ்சம் நிழலும் இருந்தால் போதும், தானாகப் படரும்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ கீரையும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். கறுத்த மலமோ இரத்த வாந்தியோ என்றால் அந்த நிமிடமே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ போங்கள். உடம்பு இளைத்தாலும், வெறும் எரிச்சலே மாதக்கணக்கில் போகாவிட்டாலும் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். "எனக்கு வயிற்றுக் கிருமி இருக்கிறதா, சோதிக்க வேண்டுமா?" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். ஊதிக் காட்டும் சோதனை இருக்கிறது, மலத்தில் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். அதனால் வீட்டில் எடுக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.