மரம் காக்கும் மருந்தும் நீர்வாழ் உயிர்களும்



மரத்துக்குப் பகை மூன்று: நிலத்திலே கறையான், ஈரத்திலே பூஞ்சணம், கடலிலே மரந்துளைக்கும் புழு. இவற்றினின்று தப்புவதற்கு யாழ்ப்பாணத்து முன்னோர் நல்ல மரத்தைத் தேர்ந்தெடுத்தனர். வைரமேறிய பனையும் முதிரையும் பாலையும் வீட்டுக்கு உதவின. தோணிக்கு மீனெண்ணெய் பூசினர். வைரமரம் அருகியபின் மென்மரத்துக்கு மருந்தூட்டும் முறை பெருகியது. அம்மருந்து மரத்தோடு நின்றுவிடுகிறதா என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய வினா.

இம்மருந்துகளுட் பழையது கிரியோசோற்று. நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்படும் இவ்வெண்ணெயை அழுத்தத்தால் மரத்தினுட் செலுத்தும் முறைக்கு ஜோன் பெத்தெல் என்னும் ஆங்கிலேயர் 1838 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். இது நூற்றுக்கணக்கான பொருள்கள் சேர்ந்த கலவை. மற்றொன்று, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933 ஆம் ஆண்டளவில் சொந்தி காமேசன் என்னும் இந்திய அறிஞர் கண்டது. அதிலே செப்பு பூஞ்சணத்தை அழிக்கும். ஆசனிக்கு கறையானைக் கொல்லும். குரோமியம் அவ்விரண்டையும் மரத்தோடு பிணைக்கும்.

ஆயினும் அப்பிணைப்பு முழுமையானதன்று. மருந்தேற்றிய மரம் மழையில் நனையும்போது சிறிது சிறிதாகக் கசியும். புதிய மரத்திலே கசிவு மிகுதி. செப்பு மீனின் செவுளைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் கெடுக்கும். மணமறியும் ஆற்றலையும் குறைக்கும். இங்கே கலவையின் கேட்டினை நாம் உணர்தல் வேண்டும். வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு மூடையும் தனியே பார்த்தால் பாரமன்று. அச்சை முறிப்பது அத்தனையும் சேர்ந்த பாரமே. அவ்வாறே, ஒவ்வொரு நஞ்சும் தனக்குரிய எல்லைக்குள் இருந்தபோதிலும், கூடியவிடத்து உயிருக்குக் கேடு விளையலாம்.

இதற்குச் சான்றுண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலே கிரியோசோற்று ஊட்டிய பழைய மரத்தூண்களில் எரிங்கு மீன்கள் முட்டையிடுவதுண்டு. அத்தூண்மரத்தில் ஒட்டிய முட்டைகளின் கருக்கள் வளராது மடிந்தமையை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அம்மரமோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழமையுடையது. மேலும், கிரியோசோற்றிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டவிடத்து நஞ்சு மிகும் இயல்பின. ஆழமற்ற நீரேரிகளையும் கடுவெயிலையும் உடைய நமக்கு இது சிந்திக்கத்தக்கது.

எங்கள் புத்தூரின் நிலைமையைப் பாருங்கள். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல்; ஆதலால் நீர் வன்னீர். வன்னீரிலுள்ள கல்சியம் செவுளிலே செப்புக்குப் போட்டியாக நின்று அதன் நஞ்சை ஓரளவு தணிக்கும். ஆசனிக்கைப் பொறுத்தவரை இத்தகைய காவலை நம்பியிருத்தல் இயலாது. அன்றியும், சுண்ணக்கல்லின் பிளவுகள் மழைநீரைச் சரிவர வடிகட்டாமலே உள்ளே விட்டுவிடும். மேலே நன்னீரும் அடியிலே உவர்நீருமாக விளங்கும் நிலாவரைக் கிணறு, எம் காலடியில் உள்ள நீர்நிலைக்கு ஒரு சாளரம் போன்றது. அந்நன்னீரே நம் கிணறுகளை ஊட்டுகிறது. எஞ்சியது இறாலும் நண்டும் வாழும் கரையோர நீருக்குச் செல்கிறது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கிலே உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பையும் நாம் மறத்தலாகாது.

உலகம் இதனை உணர்ந்துள்ளது. ஆசனிக்குச் சேர்ந்த மருந்தை வீட்டு மரத்துக்கு ஊட்டும் வழக்கம் அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டின் முடிவோடு பெரும்பாலும் கைவிடப்பட்டது. பென்ரக்குளோரோபீனோல் என்னும் மரமருந்து 2015 ஆம் ஆண்டில் ஸ்ரொக்கோம் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்ந்தது.

நாம் செய்யத்தக்கன சில உள. மழைபடாத உள்வீட்டு மரத்துக்குப் போரன் சேர்ந்த மருந்து போதும். மருந்தூட்டிய மரத்தை, மருந்து நன்கு பிணையுமுன் மழையில் இடாதீர்கள். கிணற்றருகிலும் குளத்திலும் நடாதீர்கள். எஞ்சிய மருந்தை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அம்மரத்துண்டுகளை அடுப்பில் எரித்தலும், அச்சாம்பலைத் தோட்டத்துப் பாத்திக்கு இடுதலும் கூடா. ஆசனிக்கு புகையிலும் சாம்பலிலும் இருக்கும்.

வற்றாத ஆறில்லாத நாடு நம்முடையது. மழை தந்து நிலம் காக்கும் நீரையே நாம் பெரிதும் நம்பியிருக்கிறோம். மரத்தைக் காக்கும் முயற்சியில் அந்நீரை இழந்துவிடாதிருப்போமாக.