பால்மரத்தின் இளவேனில்: ஜோகூர்த் தோட்டமும் தமிழ் நாவலும்

1. பருவம்

ஜோகூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள மாநிலம். ஆண்டு முழுதும் பகலின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். அது ஓய்ந்ததும் சில வாரங்கள் வெயில் காயும். வசந்தம் என்று தனியே ஒரு பருவம் இங்கே கிடையாது. அதைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு மரம்.

அமேசான் காட்டுக்குரிய ரப்பர் மரம் 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது. 1888இல் அங்கே தாவரவியல் தோட்டப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்துக்குக் கேடில்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்துக் காட்டினார். கம்பீர்ச் செடியும் மிளகும் விளைந்த ஜோகூர் மண்ணில் ரப்பர் பரவியது. 1909இல் ஜோகூர் பாரு வரை இருப்புப்பாதை நிறைவடைந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றில் பால் வெட்டக் கங்காணிகள் மூலம் தமிழர் கப்பலேறி வந்தனர்.

ரப்பர் மரம் ஆண்டுக்கொருமுறை இலை உதிர்க்கும். மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில் இலைகள் மஞ்சளும் செம்மையுமாகப் பழுத்துக் கொட்டும். நிழல் அடர்ந்த தோட்டத்துக்குள் சில வாரங்களில் வெயில் தரைவரை இறங்கிவிடும். காலடியில் சருகு நொறுங்கும். பிறகு கிளை நுனிகளில் செம்புநிறத் தளிர்கள் துவண்டு தொங்கும். நாளாக ஆகப் பச்சை பிடித்து நிமிரும். கூடவே மணமுள்ள சிறு மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூக்கும். ஜோகூர்த் தமிழர் கண்ட இளவேனில் இதுதான்.

2. தளிரும் கூலியும்

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. புதிய இலைகளை உண்டாக்க மரம் தன் சேமிப்பைச் செலவிடுகிறது. அதனால் பால் குறைகிறது. தளிர் விரியும் நேரத்தில் மழை தூறினால் சாம்பல் நோய் பற்றும், இளந்தளிரும் உதிரும், மரம் மறுபடி தளிர்க்க வேண்டியிருக்கும்.

பால்வெட்டு விடியுமுன்னே தொடங்கும். இரவின் குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் அப்போது பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறச் சுரப்பு குறையும். பெரட்டு எனும் காலை வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தனக்குரிய நிரையில் ஒவ்வொரு மரமாகச் சீவி, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரிசெய்து, பின்பு பாலைக் காண்டாவாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தால் அங்கே நிறுவை நடக்கும். மற்ற மாதங்களில் வாளி நிறைத்த அதே நிரை, தளிர் காலத்தில் பாதி வாளியோடு நின்றுவிடும். கூலி பாலின் அளவை ஒட்டி அமைந்த காலத்தில், மரம் தளிர்த்த மாதமே அடுப்பில் உலை சிறுத்த மாதமாகவும் இருந்தது.

தோட்டத்தை எழுதும் நாவலாசிரியர் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தளிரை மட்டும் எழுதினால் அது பார்க்க வந்தவரின் பார்வை. கூலியை மட்டும் எழுதினால், அந்த மக்கள் அழகை அறியாதவர்கள் என்று சொன்னதாகிவிடும்.

3. குடும்பம்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. மனிதரின் உணர்வை நிலத்திலிருந்தும் பருவத்திலிருந்தும் பிரிக்காத மரபு அது. ஐங்குறுநூற்றில் இளவேனிற்பத்து என்றே ஒரு பகுதி இருக்கிறது: பருவம் வந்துவிட்டது, தலைவன் வரவில்லை என்பதே அதன் துயரம். தமிழில் இளவேனில் பிரிவை நினைவூட்டும் பருவம்.

மலாயாத் தமிழ்க் குடும்பமும் பிரிவில்தான் தொடங்கியது. ஊரில் விட்டு வந்த தாய் தந்தையர் முதல் பிரிவு. 1942க்குப் பின் ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டது அடுத்தது. பலர் திரும்பவில்லை. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ அந்தத் துயரத்தை நாவலாக்கியது.

எஞ்சியவர்களின் வாழ்க்கை லயம் எனும் வரிசை வீடுகளில் நடந்தது. கணவனும் மனைவியும் இருட்டில் வேலைக்குப் போக, கைக்குழந்தை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தூங்கும். தளிர் காலத்தில் பூத்த பூக்கள் சில மாதங்களில் காயாகி முற்றி, வெயிலில் பட்டென்று வெடித்து விதைகளை எறியும். பிள்ளைகள் அந்த வரிவிதைகளைப் பொறுக்கிச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, பக்கத்தில் இருப்பவர் கையில் ஒற்றிவிட்டு ஓடுவார்கள். அந்தச் சூடு தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் மறக்காது. நாவலுக்கு வேண்டியவை இத்தகைய நினைவுகளே.

4. நன்றி

இத்தனை பிரிவுக்கும் குறைந்த கூலிக்கும் நடுவிலும் தோட்டத்து மக்களிடம் நன்றியுணர்வு இருந்தது. அது கோயிலில் வெளிப்பட்டது. பல தோட்டங்களில் மாரியம்மன் கோயில் எழுந்தது. மெலிந்த கூலியிலும் திருவிழாவுக்குப் பணம் சேர்ந்தது. கரகமும் கூழும் குறைவின்றி நடந்தன. கிடைத்தது போதும் என்று அடங்கிப்போன மனம் அல்ல அது. பிழைத்திருப்பதே பெரும்பேறு என்று அறிந்தவர்களின் நன்றி. உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்டுத் தொழிற்சங்கம் கட்டியவர்களும் இதே மக்கள்தான். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. நன்றியும் நியாயக் கோரிக்கையும் அவர்களிடம் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

5. எழுத்து

மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917இல் வெளிவந்தது. 1924இல் ‘தமிழ் நேசன்’ இதழ் தொடங்கியது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேச’னில் நடத்திய கதை வகுப்பு புதிய எழுத்தாளர்களைப் பயிற்றுவித்தது.

தோட்டம் நாவலின் மையத்துக்கு வந்தது மெதுவாகத்தான். கா. பெருமாளின் ‘துயரப்பாதை’, எம். குமாரனின் ‘செம்மண்ணும் நீலமலர்களும்’ ஆகியவை அந்த வழியில் நடந்தவை. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்த அகிலன் 1970களில் ‘பால்மரக்காட்டினிலே’ எழுதினார். வந்தவர் கண்ணுக்குத் தெரிந்தவை வேறு, பிறந்து வளர்ந்தவர் கைக்குத் தெரிந்தவை வேறு. இரண்டு வகை எழுத்தும் தேவை.

6. மறைந்த பருவம்

ஜோகூரில் இன்று ரப்பர் நின்ற நிலத்தின் பெரும்பகுதியில் செம்பனை நிற்கிறது. 2006இல் தொடங்கிய இஸ்கந்தர் மலேசியா வளர்ச்சித் திட்டத்துக்குப் பின் தென் ஜோகூரில் பல தோட்டங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளாயின. செம்பனை பருவத்தில் இலை உதிர்ப்பதில்லை. அதன் மட்டையை மனிதர்தான் வெட்டி இறக்க வேண்டும். எல்லா மாதமும் ஒரே பச்சை. ரப்பர் போன இடங்களில் மரத்தோடு அந்த இளவேனிலும் போய்விட்டது.

பழுத்த இலை கொட்டிய ஓசையையும் செம்புத் தளிரையும் பாதி வாளியையும் நினைவில் வைத்திருப்பவர்கள் இப்போது முதியவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதி வைப்பதே தமிழ் நாவல் அந்த மரத்துக்கும், அதைச் சீவி ஒரு தலைமுறையைப் படிக்கவைத்த கைகளுக்கும் செலுத்தக்கூடிய நன்றி.