தறியும் வரலாறும்



வரலாற்று நூல்களில் ஆரணியின் பெயர் இரு போர்களால் நிலைத்தது. 1751-இல் கிளைவ் இராசா சாகிபின் படையை இங்கே வென்றார். 1782-இல் ஐதர் அலியும் அயர் கூட்டும் மோதினர். தளபதியர் பெயர்கள் தெரிகின்றன. மிதிபட்ட வயல் எவருடையது என்பது தெரியவில்லை.

நம் இலக்கியம் எளியோரை மறந்ததில்லை. அகத்திணை மாந்தர்க்குப் பெயர் இல்லை; ஆயினும் அவர்தம் வாழ்வே பாடுபொருள். புகாரின் சிறப்பைப் பாடிய இளங்கோவடிகள் பட்டு நெய்யும் காருகர் இருக்கையையும் பாடினார்.

இரண்டாம் உலகப்போரில் நம் நாட்டுப் பட்டு வான்குடைகளுக்குச் சென்றது. 1941-இல் சப்பான் போரில் இறங்கியபின் அந்நாட்டுப் பட்டும் வரவில்லை. அந்நாளில் பாவு ஏறாத குழித்தறி வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது? அதனை, அன்று தாய்க்கு நூல் சுற்றிக் கொடுத்த சிறுமியே சொல்லக்கூடும். அவள் இன்று தொண்ணூறைக் கடந்த மூதாட்டி.

பத்தாண்டு நிறைவில் கவிஞர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: அத்தகையோர் திண்ணையில் அமர்ந்து, கேட்டு எழுதுங்கள். அறுந்த இழையைப் பிணைக்கலாம். அறுந்த நினைவைப் பிணைக்க இயலாது.