முயற்கறியும் அதன் துணைகளும்



'தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்' என்பது அனைவரும் அறிந்த பழமொழி. பிடித்தவனின் பிடிவாதத்தை அது சொல்கிறது. பிடித்த முயல் அடுப்படிக்கு வந்தபின் நடந்ததைச் சொல்வதில்லை. வேட்டைக் கதைகள் எல்லாவற்றிலும் உள்ள குறை இதுதான். பிடித்தவன் பெயர் நிற்கும். சமைத்தவர் பெயர் நிற்காது. ஆனால் முயலிறைச்சியின் சுவை, பிடித்தவன் கையில் இருந்ததை விடச் சமைத்தவர் கையிலேயே மிகுதியும் இருந்தது. இவ்வுரை நிறுவ விரும்புவது அந்த ஒன்றையே.

சங்கப் பாடல்கள் வேட்டை, அடுப்பு ஆகிய இரண்டையும் கண்டவை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கானவர் நாய்களோடு சென்று புதர்களை அடித்துக் கலைத்து, வேலிபோல் வலையைத் தொடர்ந்து கட்டி, முயல்கள் தப்ப வழியின்றி வளைத்துக்கொள்கின்றனர். முயலின் நீண்ட காதுக்குத் தாமரையின் புறவிதழை உவமையாக்குகிறார் புலவர். முயலை அருகிருந்து கண்டவரே இப்படிச் சொல்ல முடியும்.

உண்ணும் காட்சி புறநானூற்றின் முப்பத்து நான்காம் பாட்டில் வருகிறது. ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடியது அது. நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்னும் அறத்தைச் சொல்வதற்காகவே அப்பாட்டு பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் நடுவே உள்ள விருந்து அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. இலந்தை மரம் நிற்கும் ஊர் மன்றத்தில் பாணர் சுற்றம் அமர்ந்திருக்கிறது. புன்செய் வரகைப் பாலிட்டு ஆக்கிய சோறு; அதில் கலந்த தேன்; அதனோடு சுட்ட குறுமுயலின் கொழுவிய இறைச்சி. வரகு, பால், தேன், முயல் ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தது தற்செயலா என்பது எண்ணத்தக்கது.

முயலிறைச்சி கொழுப்பு மிகக் குறைந்த இறைச்சி. ஆட்டிறைச்சியில் தசைக்கிடையே கொழுப்பு ஓடிக் கிடப்பதுபோல் முயலில் கிடப்பதில்லை. வட அமெரிக்கக் காடுகளில் குளிர்காலம் முழுவதும் முயலை மட்டுமே தின்ன நேர்ந்தவர்கள், வயிறு நிறையத் தின்றும் பசி அடங்காமல், ஒரு வார காலத்திற்குள் வயிற்றுப்போக்கும் தலைவலியும் சோர்வும் கண்டு மெலிந்ததை வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்னும் ஆர்க்டிக் பயணி எழுதியிருக்கிறார். 'முயற்பட்டினி' என்றே அதற்குப் பெயர் வழங்கியது. கொழுப்பும் மாவுப்பொருளும் இல்லாமல் புரதத்தை மட்டும் அளவுக்கு மேல் ஏற்க மனித ஈரலால் இயலாது என்பதே காரணம். பாணர்க்கு இட்ட உணவில் பாலின் கொழுப்பும், வரகின் மாவும், தேனின் இனிப்பும் அக்குறையை நிரப்பிவிட்டன. இந்த உடலியலைப் புலவர் அறிந்து பாடினார் என்று கொள்ள வேண்டியதில்லை. எந்த உணவோடு எது சேரும் என்பதை நாவும் வயிறும் கற்றுத் தந்திருந்தன. புலவர் கண்டதைப் பாடினார். முயலுக்குத் துணை வேண்டும் என்பதே அந்த மன்றத்து விருந்து சொல்லும் சமையல் விதி.

ஐரோப்பிய அடுப்புகளும் இவ்விதியை அறிந்திருந்தன. கொழுப்பற்ற முயலின் முதுகில் பன்றிக்கொழுப்பைச் செருகிச் சுடுவதும், பழச்சாராயத்தில் ஊறவைத்து மூடிய சாடியில் நெடுநேரம் வேகவைப்பதும் அங்குள்ள முறைகள். ஹன்னா கிளாஸ் என்னும் பெண்மணி 1747இல் வெளியிட்ட ஆங்கிலச் சமையல் நூலில், 'முதலில் முயலைப் பிடி' என்று தொடங்கும் குறிப்பு இருப்பதாக நெடுங்காலம் சொல்லப்பட்டது. நூலைப் புரட்டினால் அது இல்லை. தோலுரித்த முயலை எடுத்துக்கொள்க என்னும் பொருளிலேதான் குறிப்பு தொடங்குகிறது. சமையல் நூல் எழுதியவர்க்கு வேட்டை பொருட்டில்லை. வேட்டைப் பெருமையை மற்றவர்களே ஏற்றி வைத்தனர். கான முயலைத் தைத்த அம்பைவிட யானையைத் தப்பவிட்ட வேல் இனிது என்ற வள்ளுவரும், முயல் வேட்டையைப் பெருமையாகக் கொள்ளவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். குமரி மாவட்ட மலைக்காடுகளின் பெரும்பகுதி 2008இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயினும், காட்டு முயலின் ருசி வளர்ப்பு முயலுக்கு வராது என்னும் பேச்சு ஓயவில்லை. கண்ணிகளும் இரவு விளக்குகளும் அந்தப் பேச்சின் வலுவிலேதான் வாழ்கின்றன. ஆகவே அது எவ்வளவு மெய் என்று பார்ப்பது வீண் ஆராய்ச்சியாகாது.

இரண்டும் வேறு விலங்குகள் என்பது மெய். காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லிடைப் பள்ளத்தில் பதுங்கும். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளர்ப்பு முயல் குழிமுயலின் வழி வந்தது. அதன் குட்டி மயிரின்றிக் கண் மூடிப் பிறக்கும். ஓடியே பிழைக்கும் காட்டு முயலின் தசை கருஞ்சிவப்பு. கூண்டில் வளர்வதன் தசை வெளிறியது. முன்னதில் வெடுக்கு மிகுதி. முதிர்ந்ததாயின் நார் போன்றது. அதை உண்ணத்தக்கதாக்க நெடுநேர ஊறலும், நிறைய நல்லமிளகும், மெல்லிய தீயும் வேண்டியிருந்தன. அதாவது, நாவில் நின்ற காட்டு ருசி என்பதில் பெரும்பங்கு, வெடுக்கை வெல்ல அடுப்படியில் செய்த வேலையே. அந்த வேலையை வளர்ப்பு முயலுக்கும் செய்யலாம்; அளவு மட்டும் மாறும்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி மையம் இறைச்சி முயல் இனங்களை வளர்த்து உழவர்க்கும் வழங்கி வந்துள்ளது. மூன்று மாத வளர்ச்சியில் ஏறத்தாழ 2 கிலோ எடை வரும். அதில் பாதியளவு இறைச்சி தேறும். அந்த ஒரு கிலோ இறைச்சியை நாஞ்சில் நாட்டு வறுத்தரைப்பு முறையில் ஆக்கும் விதம் பின்வருமாறு.

முதலில் இறைச்சியின் மேலுள்ள வெள்ளைச் சவ்வைக் கத்தி நுனியால் முழுதும் நீக்க வேண்டும். சவ்வு நின்றால் வேகும்போது சுருங்கிச் சதையை இறுக்கிவிடும். கால்களைத் தனியாகவும் முதுகுச் சதையைத் தனியாகவும் துண்டு போட்டு, மஞ்சள், உப்பு, சிறிது தயிர் பிசறி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அதற்குள் அரை மூடித் தேங்காயைத் துருவி, ஒரு பிடி உள்ளி, மூன்று கரண்டி கொத்தமல்லி, இரண்டு கரண்டி நல்லமிளகு, நாலைந்து வற்றல், சிறிது பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்துச் சிறுதீயில் வறுக்க வேண்டும். தீயலுக்கு வறுக்கும் பக்குவமே இதற்கும் பக்குவம். துருவல் செந்நிறம் கடந்து பழுப்பாகி மணம் எழும்போது இறக்கிவிட வேண்டும், கருகினால் கசக்கும். ஆறியபின் எண்ணெய் கசியுமளவு மைய அரைத்துக்கொள்ள வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் இஞ்சி, பூண்டு, உள்ளி வதக்கி, கால் துண்டுகளை முதலில் இட்டு, வெந்நீர் ஊற்றி மூடி, கொதி அடங்கிய தீயில் அரை மணி நேரம் வேகவிட வேண்டும். முதுகுச் சதை விரைவில் வெந்து வறண்டுபோவதாகையால் அதைப் பிறகே சேர்க்க வேண்டும். கறி முக்கால் வேக்காடு ஆனதும் அரைப்பைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை வைத்திருந்து இறக்கலாம். விரைவுக்காகப் பெருந்தீ வைத்தால் நீர் வற்றிச் சதை மரக்கட்டையாகும். சோற்றோடு பரிமாறினால் துணைகள் நிறைவுறும்.

மன்றத்துப் பாணர்க்குப் பால் செய்ததை நாஞ்சில் நாட்டுக் குழம்பில் தேங்காய் செய்கிறது; வரகின் இடத்தில் நெல்லரிசி வந்தது. விலங்கு மாறியது, கொழுப்பு மாறியது, தானியம் மாறியது. துணை வேண்டும் என்னும் விதி மாறவில்லை. மரபென்று காக்க வேண்டியது வலையையும் கண்ணியையும் அன்று. இந்த விதியையும் அதை அறிந்த கைகளின் பக்குவத்தையுமே. ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் புதர்களில் பதுங்கும் முயல் நான்கு கால்களோடு அங்கேயே ஓடட்டும். பெருமை அடுப்படியில் நின்றவர்க்குச் சேரட்டும்.