சொல் தாமதிக்கும் குழந்தைகள்

பெங்களூரின் அல்சூர் ஏரியை அடுத்த தெருக்களில் வளரும் குழந்தையின் செவியில் ஒரே நாளில் பல மொழிகள் விழுகின்றன. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், அண்டை வீட்டில் தெலுங்கோ உருதுவோ. இரண்டு வயது நிறைந்தும் அக்குழந்தை பேசவில்லை எனில், பழி முதற்கண் இம்மொழிகளின் மீதே சுமத்தப்படுகிறது. இது பிழையான தீர்ப்பாகும். பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகிறது என்பதை ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை.

இரண்டு வயதில் 50 சொற்களுக்குக் குறைவாகப் பேசுவதோ, இரு சொற்களை இணைத்துக் கூறாமையோ கவனத்துக்குரிய அறிகுறி எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இங்கே கணக்கெடுக்கும் முறை முக்கியமானது. தண்ணீரைத் தமிழிலும், பாலை 'ஹாலு' எனக் கன்னடத்திலும் குறிக்கும் குழந்தைக்கு இரண்டு சொற்கள் உள்ளன. ஒரு மொழியில் மட்டும் வினவும் அலுவலர் ஒன்று என்றே பதிவு செய்வார். புள்ளிவிவரம் பொய்க்கும் இடம் இது.

இனி, சொல் எவ்வாறு கற்கப்படுகிறது? ஓரிருமுறை கேட்ட புதிய சொல்லின் பொருளைச் சிறு குழந்தைகள் ஓரளவு பற்றிக்கொள்வதைச் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் ஆகியோர் 1978இல் காட்டினர். பெயர்ச்சொற்கள் பெருகும்போது, ஒரே வடிவுடைய பொருள்களுக்கு ஒரே பெயர் என்னும் ஊகமும் குழந்தையிடம் வலுப்பெறுகிறது. தாமதமாகப் பேசும் குழந்தைகளிடம் இவ்வூகம் காணப்படவில்லை என்று சூசன் ஜோன்ஸின் 2003ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. அவர்களுள் சிலர் வடிவை விடுத்து, மேற்பரப்பின் தன்மையையே பற்றினர். எஃகு டம்ளர், பிளாஸ்டிக் டம்ளர், பெரியது, சிறியது எனப் பலவற்றை அருகருகே வைத்து ஒரே பெயரைப் பலமுறை சொல்லுதல் இத்தகைய குழந்தைக்குத் துணைபுரியக்கூடும். இதற்குச் செலவு ஏதுமில்லை. 'சொல், சொல்' என வற்புறுத்துவதைவிட இது மேலானது.

ஆயினும் செவிப் பரிசோதனையே முதற்படி. இத்தகைய குழந்தைகளுள் பலர் பின்னர்ப் பிறருக்கு இணையாகப் பேசிவிடுகின்றனர் என்பது உண்மையே. ஆனால் பிறர் பேச்சையும் புரிந்துகொள்ளாத, சைகையும் காட்டாத குழந்தையைக் 'காலம் வரட்டும்' என விட்டுவைத்தல் தகாது. மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இத்துறைக்கெனவே இயங்குகிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் செவிக் குறைபாடும் மொழி வளர்ச்சித் தாமதமும் இடம்பெற்றுள்ளன. அத்திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை வரவேண்டும். இடைப்பட்ட மாதங்களில் குழந்தையைக் காண்பவர் அங்கன்வாடிப் பணியாளரே. வீட்டில் வழங்கும் மொழி எதுவென்று தாயிடம் கேட்டு, எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணிப் பதிவேட்டில் குறித்து வைக்க அவரால் இயலும்.