பீரோவில் கிடக்கும் லேப்டாப்பைக் கழிக்க வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி கேட்டு வருகிற மனுக்களில் இப்போது ஃபீசுக்கு அடுத்தபடியாக வருவது லேப்டாப். மனு கொடுக்க வருகிறவர்களிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்கிறோம்: "வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறதா?" பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இருக்கு, ஆனா ஓடாது" என்பதுதான். வாங்கிப் பார்த்தால் பல லேப்டாப்கள் பழுதாகியிருக்காது. திறக்கப் பத்து நிமிடம் எடுக்கும், அவ்வளவுதான்.

நம் ஊரில் ஒரு பிள்ளை பி.காம். முதலாம் ஆண்டு சேர்ந்தது. உம்மா பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துகிறார். காதில் கிடந்ததை அடகு வைத்துப் புது லேப்டாப் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டு, ஒரு பகுதியை நாங்கள் தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளையின் காக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. "அதைக் கொண்டு வாருங்கள், சரி செய்து தருகிறோம்" என்றோம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் அது. அந்த ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸ் 7 உடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கியது அது. நம் பிள்ளைகளில் பலர் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய லேப்டாப்கள் அதற்குத் தகுதி பெறாது. கள்ளப் பிரதி போட்டுத் தர ஆள் உண்டு. ஆனால், யாரும் நகலெடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று உரியவர்களே அனுமதித்த ஹலாலான வழி இருக்கும்போது அது நமக்கு எதற்கு?

அந்த வழிதான் லினக்ஸ். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் முறையைப் பின்பற்றி, 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கினார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு லினக்ஸில்தான் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள்.

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. லினக்ஸில் உள்ளே வேலை செய்யும் பகுதி வேறு, நம் கண்ணுக்குத் தெரியும் முகப்பு வேறு. அந்த முகப்பைத்தான் டெஸ்க்டாப் சூழல் என்கிறார்கள். ஒரே ஹாலில் சோபா செட்டும் போடலாம், பத்தமடைப் பாயும் விரிக்கலாம். சின்ன ஹாலில் சோபா போட்டால் நடக்க இடமிருக்காது. பாய் விரித்தால் பத்துப் பேர் உட்காரலாம். ரேம்தான் இங்கே ஹால்.

இது தெரியாமல் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அந்தப் பிள்ளையின் லேப்டாப்பில் இருந்தது 2 ஜிபி ரேம். பார்க்க அழகாக இருக்கிறதே என்று க்னோம் டெஸ்க்டாப்புடன் உபுண்டுவைப் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை ஒரு குறையும் சொல்லாமல் லேப்டாப்பைத் திருப்பிக் கொண்டு வந்து மேசையில் வைத்தது. உம்மா மட்டும், "பரவாயில்லை, கம்மலை வச்சிரலாம்" என்றார்கள். அந்த வார்த்தை எங்களைச் சுட்டது. லேப்டாப்பில் குறை இல்லை. நாங்கள் தேர்ந்தெடுத்ததில்தான் குறை.

மறுபடி உட்கார்ந்து படித்தோம், போட்டுப் பார்த்தோம். தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறோம்.

8 ஜிபி ரேம் இருந்தால் க்னோம், கேடிஇ பிளாஸ்மா என்று எதையும் போடலாம். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ நல்ல தேர்வு. 1996இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கியது. அமைப்பு எளிது, அடிக்கடி மாறாது. விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சுலபமாகக் கைவரும். மேட்டே என்பதும் இந்த அளவுக்கு ஒத்துவரும். 2011இல் க்னோம் தன் அமைப்பை முழுதாக மாற்றியபோது, பழையதே போதும் என்று நினைத்தவர்கள் தொடர்ந்து காப்பாற்றி வருவது அது.

2 ஜிபி மட்டும் என்றால் எல்எக்ஸ்க்யூட்டி. தைவானில் 2006இல் பிறந்த எல்எக்ஸ்டிஇயின் வழியில் வந்தது. லுபுண்டுவில் இருப்பது இதுதான். அதற்கும் கீழே 1 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ் போன்றவற்றில் வரும் ஐஸ்டபிள்யூஎம் உண்டு. அது முழு டெஸ்க்டாப்கூட அல்ல, ஜன்னல்களை நிர்வகிப்பது மட்டும். தட்டச்சுக்கும் படிக்கவும் ஆகும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அந்தப் பிள்ளைக்கு எல்எக்ஸ்க்யூட்டி போட்டோம். அதே லேப்டாப், அதே 2 ஜிபி. இன்றும் அதில்தான் அசைன்மென்ட் எழுதுகிறது. கம்மல் உம்மாவின் காதில் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். முகப்பு எவ்வளவு இலேசாக இருந்தாலும் பிரவுசர் இலேசாகாது. யூடியூப், வாட்ஸ்அப், கல்லூரித் தளம் என்று பத்து டேப் திறந்தால் 2 ஜிபி திணறத்தான் செய்யும். இரண்டு மூன்றோடு நிறுத்தப் பழக வேண்டும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். முடிந்தால் ரேமைக் கூட்டுங்கள். புது லேப்டாப்பை விட அது மிகக் குறைந்த செலவு. இன்னொன்று, டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. பி.காம். பிள்ளைகள் அதைக் கல்லூரி லேபில்தான் செய்ய வேண்டும். லிப்ரே ஆபீஸில் வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கலாம். சில நேரம் அமைப்பு சற்று மாறும், அனுப்புமுன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

தமிழ் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையும் லினக்ஸில் கிடைக்கின்றன.

வீட்டிலேயே செய்ய நினைக்கிறவர்கள் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் போட்டோக்கள், சான்றிதழ்கள் அனைத்தையும் வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். நிக்காஹ் போட்டோ போய்விட்டால் எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அடுத்து ரேம் எவ்வளவு, கணினி 64 பிட்டா என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. பிறகு பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். இதில் லேப்டாப்பில் உள்ளது எதுவும் அழியாது. வைஃபை, ஒலி, கேமரா, தமிழ் எழுத்து நான்கும் சரியாக வந்தால் மட்டும் நிறுவுங்கள். பென்டிரைவில் சற்று மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை முடிவு செய்துவிடாதீர்கள்.

முக்கியமாக, பயன்படுத்தப் போகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேர்ந்தெடுங்கள். நமக்குப் பிடித்த முகப்பை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. நாங்கள் முதலில் தவறியது அங்கேதான்.

வீண்விரயம் கூடாது என்பதை இந்தச் சபைக்கு நாங்கள் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டில் அதைப் பார்க்கிறோம், பீரோவுக்குள்ளும் பார்ப்போம். உங்கள் வீட்டில் கிடக்கும் லேப்டாப்பை, சார்ஜரையும் மறக்காமல், அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உதவும். கற்றுக்கொடுக்க முன்வரும் கல்லூரி மாணவர்களும் பெயர் கொடுங்கள். எந்த உம்மாவும் காதில் கிடப்பதைக் கழற்றுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், முடிந்ததைச் செய்வோம்.