பெரிய வண்டி, சின்ன வழி: ரப்பர் தோட்டத்துல கத்துக்கிட்ட பாடம்

கேம்பர் வண்டியைப் பத்திப் பேசினாலே வர்ற கேள்வி ஒண்ணு உண்டு: "இவ்வளவு பெருசு காட்டு வழியில போகுமா?" போகும். ஆனா திரும்பி வருமா? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை போற பக்கம். மெயின் ரோட்டை விட்டு ரப்பர் தோட்டத்துக்குள்ள ஒரு வழியில இறங்கினோம். லாரி சேசிஸ் மேல கட்டின ஃபோர் வீல் டிரைவ் வண்டி. எந்த மேடா இருந்தாலும் ஏறிடும்னு ஒரு தைரியம். ஆனா இங்க பிரச்சினை எஞ்சின் இல்ல, அளவு.

சின்னக் கணக்குதான். எங்க வண்டி அகலம் 2.4 மீட்டர். வழி சுமாரா 3 மீட்டர். ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு அடி மிச்சம். அதுலயும் சைடு மிரர் நீட்டிக்கிட்டு நிக்கும். போதாக்குறைக்கு, தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் பெய்ற மாவட்டம் இது. புதர் வெட்ட வெட்ட வளரும். பச்சையா தெரியுற இடம் தரையா ஓடையான்னு சீட்டுல உக்காந்து சொல்லவே முடியாது.

எங்களுக்கு அது ஓடை. இடது பின்சக்கரம் இறங்கிடுச்சு. வழி மொத்தமா அடைஞ்சு போச்சு.

அப்போதான் பால் வெட்டி முடிச்சு, வாளியோட ஸ்கூட்டர்ல ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. ரப்பர் பால் சில மணி நேரத்துல உறைஞ்சிடும். அப்புறம் ஒட்டுப்பால் விலைதான் கிடைக்கும். எங்க ஜாலி ட்ரிப்பு அவங்க ஒருநாள் கூலியில கை வைக்கப் பார்த்துச்சு. ஒரு அக்கா கோபப்படாம கேட்டாங்க: "ஒரு ஆள எறக்கி முன்னால நடக்க விட்டிருக்கக் கூடாதா மக்களே?"

வாளியை எல்லாம் நாங்களே தூக்கி, வண்டிக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் வச்சோம். அப்புறம்தான் மண்ணைத் தோண்டி, கல்லும் பலகையும் போட்டு, ரிவர்ஸ்ல எடுத்தோம்.

அந்த அக்கா சொன்னதுதான் பாடம். வெளிநாட்டுல ஸ்பாட்டர்னு சொல்றாங்களே, நம்ம லாரியில கிளீனர் காலங்காலமா பார்க்குற வேலை அது. கீழ இறங்கி நிப்பாரு, "வா வா வா"ம்பாரு, இடிக்கப் போச்சுன்னா பாடியில தட்டுவாரு. டிரைவர் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம், மேல இருக்குற கிளை, கரண்டு கம்பி எல்லாம் அவர் பொறுப்பு.

அதனால இப்போ எங்க பழக்கம் இதுதான். வண்டியைத் திருப்ப அடுத்த இடம் எங்க இருக்குன்னு நடந்து போய்ப் பார்த்துட்டுதான் உள்ள விடுவோம். கம்பால புதரைக் குத்தி, தரை கெட்டியான்னு பார்ப்போம். கிளை இடிச்சா வெட்ட மாட்டோம். ரப்பர் மரம் ஒருத்தரோட வருமானம். காட்டு எல்லை வந்தா வனத்துறை அனுமதி இல்லாம தாண்ட மாட்டோம்.

சந்தேகமா இருந்தா? ரோட்டோரத்துலயே வண்டியை நிறுத்திட்டு நடந்து போயிடுவோம். காடு அங்கேயேதான் இருக்கும். காலையில பால் கொண்டு போறவங்களுக்கு வழியும் இருக்கும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். பத்திரமா ஓட்டுங்க.